அரசி சுபைதா கேட்ட அனுமதி

கி.பி. 825-826 குளிர்காலத்தில், டைகிரிஸ் நதிக்கரையில் உள்ள ஃபம் அல் சில்ஹ் என்ற ஊரில் ஒரு திருமணம் நடந்தது. மணமகன் அப்பாசியக் கலீபா மஃமூன். மணமகள் பூரான், கலீபாவின் அமைச்சராகவும் ஆளுநராகவும் இருந்த ஹசன் இப்னு சஹ்லின் மகள். மணமகளின் பாட்டி தங்கத் தட்டிலிருந்து 1,000 முத்துகளை எடுத்து மணமக்கள் மீது சொரிந்தார். கலீபா அவற்றைத் திரட்டச் செய்து மணமகளின் மடியில் இட்டு, வேண்டுவதைக் கேட்கும்படி சொன்னார். நாணத்தால் வாய் திறக்காத பேத்தியைப் பாட்டி ஊக்கப்படுத்தினார். பூரான் இரண்டு வரங்கள் கேட்டார்.

இரண்டு வரம் என்றதும் நமக்குக் கைகேயி நினைவுக்கு வருவார். ஆனால் இவை எவரையும் காட்டுக்கு அனுப்பக் கேட்ட வரங்கள் அல்ல. முதல் வரம், கலீபாவுக்கு எதிராகப் பாக்தாதில் தன்னைக் கலீபாவாக அறிவித்துக்கொண்டு, பின்னர் பெண் வேடத்தில் தப்ப முயன்று பிடிபட்ட அவருடைய சிற்றப்பன் இப்ராஹீமுக்கு மன்னிப்பு. இரண்டாவது வரம், அறுபது வயதை எட்டிய ஓர் அரச குடும்பத்து மூதாட்டி மக்காவுக்கு ஹஜ் பயணம் செல்ல அனுமதி.

அந்த மூதாட்டி சுபைதா. கலீபா ஹாரூன் அல் ரஷீதின் மனைவி. கூஃபாவிலிருந்து மக்கா வரை பாலைவனத்தின் குறுக்கே செல்லும் ஹஜ் பாதையில் கிணறுகளும் குளங்களும் தங்குமிடங்களும் அமைத்துக் கொடுத்தவர். இன்றும் அப்பாதை அவர் பெயராலேயே சுபைதாவின் பாதை என்று வழங்குகிறது. அந்தப் பாதையில் மக்கா செல்ல, அவருக்காக ஒரு புதுமணப் பெண் மன்றாட வேண்டியிருந்தது.

பல ஆண்டுகள் நான் கல்லூரியில் வரலாறு கற்பித்தேன். அப்பாசியர் காலத்துக்குப் பாடத்திட்டம் ஒதுக்கிய நேரம் சில வகுப்புகளே. ஹாரூன் அல் ரஷீதின் அரசவை, பாக்தாதின் அறிவு வளம், மொழிபெயர்ப்புகள் என்று சொல்லி முடித்துவிடுவேன். சுபைதாவை ஆயிரத்தொரு இரவுக் கதைகளில் வரும் கலீபாவின் பட்டத்தரசியாக மட்டுமே அறிந்திருந்தேன். என் மாணவியருள் சுபைதா என்ற பெயருடையோர் சிலர் இருந்தும், அந்தப் பெயருக்குரியவர் யார் என்று ஒரு வகுப்பிலும் நான் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற பின்னர்தான், தபரியின் வரலாற்றில் இந்தத் திருமணச் செய்தி என் கண்ணில் பட்டது. பாதை அமைத்தவர் ஏன் அனுமதிக்குக் காத்திருந்தார் என்ற கேள்வியைத் தொடர்ந்து போனபோது, அது ஒரு பெண்ணின் வாழ்க்கையாக மட்டும் நிற்கவில்லை. ஒரு பேரரசின் வாரிசுரிமை எவ்வாறு தாய்வழி உறவுகளால் பின்னப்பட்டிருந்தது என்ற வரலாறாகவும் விரிந்தது.

சுபைதாவின் கதையை அவருடைய பாட்டியிடமிருந்து தொடங்க வேண்டும். பாக்தாதை 762-இல் நிறுவிய கலீபா மன்சூர், அதிகாரத்துக்கு வருவதற்கு முன்பே அர்வா என்ற யமன் நாட்டு உயர்குடிப் பெண்ணை மணந்திருந்தார். அர்வா திருமணத்தின்போது ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தார். தான் உயிரோடு இருக்கும் வரை மன்சூர் வேறு மனைவியையோ அடிமைப் பெண்ணையோ சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் நிபந்தனை. கலீபா ஆன பிறகு மன்சூர் அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுபட நீதிபதிகளின் கருத்தைத் திரும்பத் திரும்ப நாடினார். அர்வாவோ அந்த நீதிபதிகளுக்கு முன்கூட்டியே பரிசுகள் அனுப்பித் தம் பக்கம் வைத்துக்கொண்டார். இஸ்லாமியத் திருமணம் ஓர் ஒப்பந்தம். அதில் பெண் தன் நிபந்தனையை எழுத முடியும் என்பதை அந்த வம்சத்தின் முதல் தலைமுறைப் பெண்ணே பேரரசருக்கு எதிராக நிலைநாட்டிக் காட்டினார். அர்வா இறக்கும் வரை மன்சூர் அந்த வாக்குக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தார்.

அர்வாவின் மக்கள் இருவர்: ஜஅஃபர், மஹ்தி. ஜஅஃபரின் மகள் சுபைதா. மஹ்தியின் மகன் ஹாரூன். சுபைதா குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். பேத்தியைப் பாட்டனார் மன்சூரே வளர்த்தார். அமத்துல் அஸீஸ் என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். வெண்ணெய்த் திரளைபோல் வெளுத்துக் கொழுகொழுவென்று இருந்ததால் பாட்டனார் செல்லமாகச் சுபைதா என்று அழைத்தார். அந்தச் செல்லப் பெயரே நிலைத்தது.

ஹாரூனும் சுபைதாவும் ஏறத்தாழ 781-82-இல் மணம் புரிந்தனர். இருவரும் அண்ணன் தம்பி மக்கள். நம் உறவுமுறையில் அவர்கள் அண்ணன் தங்கை ஆவார்கள். மாமன் மகளையும் அத்தை மகளையும் முறைப்பெண் என்று கொண்டாடும் நாம், சிற்றப்பன் மகளை மணப்பதை எண்ணியும் பார்ப்பதில்லை. அரபுக் குலங்களில் நிலைமை வேறு. அங்கே தந்தையின் சகோதரன் மகளே முதல் உரிமையுள்ள மணமகள். சொத்தும் குலப்பெருமையும் வெளியே போகாமல் காப்பதற்கு அது வழி. பெண்ணுக்கும் அதில் ஒரு பாதுகாப்பு உண்டு. கணவன் வீடு அவளுக்கு அயலார் வீடு அல்ல. கணவனின் பாட்டனார் அவளுக்கும் பாட்டனார். சுபைதாவுக்கு இந்த உறவு இரட்டைப் பின்னல். அவருடைய தாய் சல்சல், ஹாரூனின் தாய் கைசுரானின் சகோதரி என்று வரலாற்றாளர்கள் குறிப்பிடுகின்றனர். தந்தை வழியில் சிற்றப்பன் மகனாகிய கணவர், தாய் வழியில் தாயின் சகோதரி மகனும் ஆகிறார்.

இங்கேதான் அப்பாசியக் குடும்பத்தின் வியப்பான முரண் தெரிகிறது. கைசுரான் யமன் பகுதியிலிருந்து வந்த அடிமைப் பெண். மஹ்தி அவரை விரும்பினார், 775-இல் கலீபா ஆன பிறகு விடுதலை செய்து முறைப்படி மணந்தார். ஆண்டானுக்குக் குழந்தை பெற்ற அடிமைப் பெண்ணை அரபு மொழியில் உம்மு வலத், அதாவது பிள்ளையின் தாய் என்பார்கள். அவளை விற்கக் கூடாது. ஆண்டான் இறந்ததும் அவள் விடுதலை பெறுவாள். அவள் பெற்ற குழந்தையோ பிறக்கும்போதே சுதந்திரக் குழந்தை. உயர்குடி மனைவியின் குழந்தைக்கு நிகரான வாரிசு. சட்டம் இப்படிச் சொல்லிவிட்டதால், சந்தையில் வாங்கப்பட்ட பெண் ஒருத்தி பேரரசரின் தாயாகலாம் என்ற நிலை உருவானது. மஹ்திக்கு ரைத்தா என்ற உயர்குடி மனைவியும் இருந்தார். அவர் முதல் அப்பாசியக் கலீபாவின் மகள். அவருக்கும் ஆண் மக்கள் இருந்தனர். ஆயினும் அவர்களை ஒதுக்கிவிட்டு, கைசுரானின் மக்களாகிய ஹாதியையும் ஹாரூனையுமே மஹ்தி வாரிசுகளாக அறிவித்தார்.

785-இல் மஹ்தி இறந்ததும் மூத்தவர் ஹாதி கலீபா ஆனார். கைசுரானின் வாசலில் படைத் தலைவர்களும் மனுதாரர்களும் காத்துக் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. தாயிடம் எவரும் போகக் கூடாது என்று தடை விதித்தார். தம்பி ஹாரூனை விலக்கித் தம் சிறு மகனை வாரிசாக்கவும் முயன்றார். ஓராண்டுக்குச் சற்று அதிகமாக ஆண்ட நிலையில், 786 செப்டம்பரில் ஹாதி திடீரென இறந்தார். தாயின் ஏவலால் மூச்சுத் திணறடிக்கப்பட்டார் என்ற வதந்தி அப்போதே எழுந்து நூல்களிலும் ஏறிவிட்டது. உண்மை எதுவாயினும், அதிகாரம் தாய்வழியாக இயங்கும் வீட்டில் எத்தகைய ஐயங்கள் இயல்பாகத் தோன்றும் என்பதை அந்த வதந்தி காட்டுகிறது.

அடுத்த கலீபா ஹாரூன். அவர் காலத்தில் ஆட்சியை நடத்தியவர்கள் பர்மக்கியர் என்ற அமைச்சர் குடும்பத்தினர். அந்தப் பிணைப்பும் ஒரு தாய்மை உறவே. ஹாரூனும் யஹ்யா பர்மக்கியின் மகன் ஃபள்லும் ஒரே காலத்தில் பிறந்தவர்கள். ஒருவரின் தாய் மற்றவருக்குப் பாலூட்டினார். பால் குடித்த உறவு இஸ்லாமியச் சட்டத்தில் திருமணத் தடை விதிக்கும் அளவுக்கு உண்மையான உறவு. ஆக, பேரரசரும் அமைச்சர் மகனும் பால்வழிச் சகோதரர்கள். 789-இல் கைசுரான் இறந்தபோது ஹாரூன் வெறுங்காலுடன் சேற்றில் நடந்து தாயின் பாடையைத் தாங்கிச் சென்றார். அடக்கம் முடிந்த உடனே, அரச முத்திரையைப் பர்மக்கியரிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் ஒப்படைத்தார். தாய் உயிரோடு இருந்தவரை அவர் சொல்லை மீற முடியாமல் தள்ளிப்போட்ட முடிவு அது. துக்கமும் விடுதலையும் ஒரே நாளில் நிகழ்ந்த அந்தக் காட்சியைப் படிக்கும்போது, கைசுரானின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பது எனக்குப் புரிந்தது.

இப்படிப்பட்ட மாமியாருக்குப் பின் சுபைதா அரண்மனையின் முதன்மைப் பெண்ணானார். அவருடைய ஆடம்பரம் பேர்போனது. மணிகள் பதித்த காலணிகளை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே என்பர். விழா நாட்களில் நகைகளின் எடையால் தனித்து நிற்க முடியாமல் இரு பணிப்பெண்களின் தோளைப் பற்றி நின்றாராம். அதே அரண்மனையில் குர்ஆனை மனனம் செய்த 100 பணிப்பெண்கள் முறைவைத்து ஓதியதால், தேன்கூட்டின் ரீங்காரம்போல் ஓசை இடையறாது கேட்டது என்றும் எழுதியிருக்கிறார்கள். செல்வத்தையும் பக்தியையும் ஒன்றுக்கொன்று பகையாக அவர் கருதியதாகத் தெரியவில்லை.

ஹாரூனுக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஆண் மக்கள். சுபைதாவுக்குப் பிறந்தவர் ஒருவரே. 786 செப்டம்பரில் ஹாதி இறந்து ஹாரூன் பதவியேற்ற அதே இரவில், மராஜில் என்ற குராசான் பகுதி அடிமைப் பெண்ணுக்கு மஃமூன் பிறந்தார். மராஜில் பேறுகாலத்திலேயே இறந்தார். ஏழு மாதங்கள் கழித்து, 787 ஏப்ரலில், சுபைதா அமீனைப் பெற்றார். தந்தை வழியிலும் தாய் வழியிலும் நபியின் ஹாஷிம் குலத்தைச் சேர்ந்த வாரிசு அமீன். அப்பாசியக் கலீபாக்களில் அந்தச் சிறப்பு பெற்றவர் அவர் ஒருவரே. சுதந்திரமான பெண்ணுக்குப் பிறந்த அப்பாசியக் கலீபாக்கள் மூவர்தாம் என்று பழைய ஆசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மற்ற அனைவரின் தாய்மாரும் அடிமைப் பெண்களே.

மூத்தவர் மஃமூன், முன்னால் நிறுத்தப்பட்டவர் அமீன். இதை நடத்தி முடித்தவர் ஒரு தாய்மாமன். சுபைதாவின் சகோதரர் ஈஸா, ஃபள்ல் பர்மக்கியிடம் சென்று தம் மருமகனுக்காகப் பேசினார். அமீனுக்கு ஐந்து வயது நடக்கும்போதே அவரை அடுத்த கலீபாவாக ஏற்று உறுதிமொழி பெறப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பிறகு மஃமூன் இரண்டாவது வாரிசாக அறிவிக்கப்பட்டார். இருவரில் மஃமூனே கூர்மையானவர் என்று ஹாரூன் உள்ளூர எண்ணினார் என்பதற்குப் பல கதைகள் உண்டு. ஆனால் ஹாஷிம் குலத்தாரின் விருப்பத்தையும் சுபைதாவின் உரிமையையும் அவரால் தள்ள முடியவில்லை. 802-இல் ஹாரூன் இரு மக்களையும் மக்காவுக்கு அழைத்துச் சென்றார். ஒருவர் மற்றவரின் உரிமையைப் பறிப்பதில்லை என்று உறுதிமொழிப் பத்திரங்கள் எழுதப்பட்டு கஅபாவில் வைக்கப்பட்டன. ஒரு தந்தை தம் மக்களை நம்பாததற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மக்காவில் சுபைதாவின் பணியும் நிலைபெற்றது. அந்நாளில் மக்காவில் தண்ணீர் அருமை. ஹஜ் காலத்தில் ஒரு தோல்பை நீருக்கு ஒரு தினார் கேட்ட காலமும் உண்டு என்பார்கள். சுபைதா ஹுனைன் பள்ளத்தாக்கின் ஊற்று நீரை மலையைக் குடைந்து மக்காவுக்குக் கொண்டுவரச் செய்தார். நுஃமான் பள்ளத்தாக்கிலிருந்து அரஃபாத் சமவெளிக்கு மற்றொரு கால்வாய் வந்தது. செலவு மிகும் என்று கணக்கர் தயங்கியபோது, கோடரியின் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தினார் ஆனாலும் பணி நிற்கக் கூடாது என்று அவர் பணித்ததாகச் செய்தி. மொத்தச் செலவு 17 லட்சம் தினார் என்று ஒரு பழைய கணக்கு கூறுகிறது. வேலை முடிந்ததும் கணக்கேடுகளை அவர் டைகிரிஸ் நதியில் எறிந்துவிட்டார் என்பது மக்கள் வழக்கில் உள்ள கதை.

கூஃபாவிலிருந்து மக்காவுக்குச் செல்லும் பாதை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். அதை அவர் ஒருவரே உண்டாக்கவில்லை. முதல் அப்பாசியக் கலீபா தொட்டு மைல் கற்களும் தங்குமிடங்களும் அமைந்து வந்தன. சுபைதா செய்தது, இடையிடையே வறண்டு கிடந்த தொலைவுகளை நீரால் நிரப்பியது. மழை வெள்ளத்தைத் திருப்பிவிடும் தடுப்புச் சுவர்கள், வண்டல் படிந்து தெளியச் சிறு தொட்டி, தெளிந்த நீர் தேங்கக் கல்லால் கட்டிய பெருங்குளம், அதில் இறங்கப் படிகள். ஏரியும் ஊருணியும் கண்டு வளர்ந்த நமக்கு இந்த வேலைப்பாட்டின் அருமை எளிதில் விளங்கும். இதையெல்லாம் அவர் தம் சொந்தப் பொருளில் செய்தார் என்பது முக்கியம். இஸ்லாமியச் சட்டத்தில் மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது. கணவன் அதில் கைவைக்க முடியாது. பாக்தாதில் ஒரு குடியிருப்புப் பகுதியே அவர் பெயரில் இருந்தது. அரசாணையில் பெண்ணின் கையெழுத்துக்கு இடமில்லாத காலத்தில், தம் பெயரில் ஒரு பொதுப் பணியை நிறைவேற்ற அவருக்கு இருந்த கருவி அந்தச் சொத்துரிமைதான்.

809 மார்ச்சில் ஹாரூன் தூஸ் நகரில் இறந்தார். அமீன் கலீபா ஆனார். சகோதரர்களின் உடன்பாடு இரண்டு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. அமீன் தம் குழந்தை மகன் மூஸாவை வாரிசாக முன்னிறுத்தினார். கஅபாவிலிருந்த பத்திரங்கள் வரவழைக்கப்பட்டு அழிக்கப்பட்டன. கிழக்கே குராசானில் இருந்த மஃமூனுக்கோ அந்த மண்ணின் ஆதரவு இருந்தது. மராஜில் அவர்கள் பெண். மஃமூன் அவர்களுக்குச் சகோதரியின் பிள்ளை. பாக்தாதில் தாழ்வாகக் கருதப்பட்ட தாய்வழி, குராசானில் படை திரட்டும் வலிமையாக மாறியது.

811-இல் அமீனின் தளபதி அலீ இப்னு ஈஸா பெரும்படையுடன் கிழக்கே புறப்பட்டார். அவர் விடைபெற வந்தபோது நடந்ததைத் தபரி எழுதியிருக்கிறார். அமீன் தம் மகன், அவர்பால் தமக்குப் பேரன்பு உண்டு. ஆயினும் மஃமூன் மீதும் தமக்குப் பரிவு உண்டு என்று சுபைதா தளபதியிடம் சொன்னார். மஃமூன் பிடிபட்டால் இழிவாகப் பேசக் கூடாது, அடிமைபோல் இழுத்து வரக் கூடாது, சவாரியில் அவருக்கு முன்னே செல்லக் கூடாது என்று அறிவுரை கூறினார். பின்னர் ஒரு விலங்கைக் கொடுத்து, கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இதனால் கட்டுக என்றார். அது வெள்ளியால் செய்த விலங்கு.

இந்த வெள்ளி விலங்கு பற்றி நான் நெடுநாள் சிந்தித்திருக்கிறேன். முதலில் படித்தபோது அதில் கருணையின் பெயரால் வந்த அகந்தையைத்தான் கண்டேன். இரும்பு உறுத்தும் என்பதற்காக வெள்ளி. ஆனால் விலங்கு விலங்குதானே என்று எண்ணினேன். பின்னர் வேறு விதமாகவும் தோன்றியது. போரைத் தடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. மகனின் அமைச்சர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். எஞ்சியிருந்தது, தம் வீட்டில் பிறந்த ஒரு பிள்ளைக்கு நேரக்கூடிய அவமதிப்பைச் சற்றுக் குறைப்பது மட்டுமே. அகந்தையா, பரிவா என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் அந்த விலங்கில் உருகிக் கலந்திருக்கின்றன.

அந்த விலங்குக்கு வேலை வரவில்லை. ரய் நகருக்கு அருகில் மஃமூனின் தளபதி தாஹிர் சிறிய படையுடன் வந்து அலீ இப்னு ஈஸாவைத் தோற்கடித்தார், அலீ கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு பாக்தாத் முற்றுகையிடப்பட்டது. ஓராண்டுக்கு மேல் நீடித்த முற்றுகையில் தெருக்கள் எரிந்தன, பசி நகரைத் தின்றது. மன்சூர் கட்டிய நகரத்தை அவருடைய கொள்ளுப்பேரர்களின் பகை சிதைத்தது. 813 செப்டம்பர் இறுதியில் ஓர் இரவு, படகில் தப்ப முயன்ற அமீன் பிடிபட்டார். அன்றிரவே தாஹிரின் ஆட்கள் அவரைக் கொன்றனர். அவருக்கு வயது 26. தலை மெர்வ் நகரில் இருந்த அண்ணனுக்கு அனுப்பப்பட்டது.

செய்தி வந்தபோது அரண்மனை ஊழியர் ஒருவர் சுபைதாவைப் பழிவாங்கக் கிளம்பும்படி தூண்டினார். கலீபா உஸ்மான் கொல்லப்பட்டபோது நபியின் துணைவி ஆயிஷா பழிகேட்டுப் படையுடன் புறப்பட்டதை முன்னுதாரணமாகக் காட்டினார். 656-இல் பஸ்ராவுக்கு அருகே நடந்து, முஸ்லிம்கள் முஸ்லிம்களையே வெட்டிச் சாய்த்த ஒட்டகப் போர் அது. சுபைதா அந்த ஊழியரைக் கடிந்து விலக்கினார். இரத்தப் பழி கேட்பது பெண்களின் வேலை அல்ல என்று அவர் சொன்னதாக மஸ்ஊதி பதிவு செய்கிறார். இதைப் பெண்ணின் பணிவுக்கு எடுத்துக்காட்டாகச் சிலர் வாசிப்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முற்றுகையில் எரிந்த நகரத்தைத் தம் மாடத்திலிருந்து பார்த்தவர் அவர். மற்றொரு போர் என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். அன்று அவர் படை கேட்டிருந்தால் கொடுக்கக்கூடியவர்கள் இருந்தனர். அவர் கேட்கவில்லை. கறுப்பு உடுத்தி, முரட்டு மயிர்த் துணி அணிந்து, தாளும் மையும் கொண்டுவரச் சொல்லி மஃமூனுக்கே கடிதம் எழுதினார். தம் துயரத்தையும் தாஹிர் செய்த கொடுமையையும் அதில் சொன்னார். கடிதத்தைப் படித்த மஃமூன் அழுதார் என்கின்றனர்.

819-இல் மஃமூன் பாக்தாதுக்கு வந்தபோது சுபைதா அவரைச் சந்தித்தார். கலீபாவாக இருந்த ஒரு மகனை இழந்தாலும், தாம் பெறாத ஒரு மகனைக் கலீபாவாகப் பெற்றிருப்பதாக அவர் வாழ்த்துக் கூறினார். தம் மகனின் மரணத்துக்குப் பொறுப்பானவர் முன் ஒரு தாய் இந்தச் சொற்களைச் சொல்வதற்கு எவ்வளவு வலிமை வேண்டும். அது பிழைத்திருக்கும் தந்திரமும்தான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொற்களின் பயன் அவரோடு நிற்கவில்லை. அமீனின் சிறு மக்கள் மஃமூனின் கையில் இருந்தனர். தாயாக உறவு கொண்டாடியதன் மூலம், தம் பேரர்களுக்கு அவர் சிற்றன்னையின் பேரர் என்ற நிலையைத் தேடிக்கொடுத்தார். தாயில்லாமல் வளர்ந்த மஃமூனுக்கும் அது ஒரு வகையில் தேவையாக இருந்திருக்கலாம்.

ஆயினும் நம்பிக்கை முழுமையடையவில்லை. மக்கா அரசியல் மேடை. ஹஜ் காலத்தில் பேரரசின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் கூடும் இடம். கொல்லப்பட்ட கலீபாவின் தாய், ஊர்தோறும் தம் பெயர் சொல்லும் குளங்கள் வழியே அங்கே சென்றால், அது வெறும் வழிபாட்டுப் பயணமாக இராது. அவரைத் தடுத்து வைத்தது அந்தப் பாதையின் புகழ்தான் என்றே நினைக்கிறேன். பூரானின் திருமணம் வரை அனுமதி கிடைக்கவில்லை. அன்று வரம் கேட்டுப் பெற்ற மணமகளுக்குச் சுபைதா ஓர் ஆடையை அணிவித்தார். முத்துகள் கோத்த அந்த ஆடை அப்பாசியர் வீழ்த்திய உமய்யாக்களின் அரண்மனைப் பொருள். வீழ்ந்த ஒரு வம்சத்தின் பெண்கள் உடுத்தியதை, மகனை இழந்த அரசி, புதிதாக அரண்மனைக்குள் வரும் பெண்ணுக்கு அணிவித்தார். அந்த ஆடைக்கு எந்த வம்சமும் நிரந்தரமல்ல என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

சுபைதா 831 ஜூலையில் பாக்தாதில் இறந்தார். இரண்டு ஆண்டுகளில் மஃமூனும் இறந்தார். அடுத்து வந்தவர் மற்றோர் அடிமைப் பெண்ணின் மகனான முஃதசிம். அதன் பின் அப்பாசியக் கலீபாக்கள் உயர்குடிப் பெண்ணின் மகனை அரியணையில் அமர்த்தவே இல்லை. காரணம் விளங்குகிறது. உயர்குடி மனைவிக்குச் சகோதரர்கள் உண்டு, மாமன்கள் உண்டு, உரிமை கோரும் குலம் உண்டு. அடிமைப் பெண்ணுக்குத் தம் மகனைத் தவிர வேறு எவரும் இல்லை. அந்தத் தனிமையே அரசர்களுக்குப் பாதுகாப்பாகப் பட்டது. சுபைதாவின் மகனுக்கு முடிசூட்டிய அதே தூய குலம்தான், அதற்குப் பின் அத்தகைய மனைவியரின் மக்களுக்கு அரியணையின் கதவையும் அடைத்தது.

பாக்தாதில் அவருடைய கல்லறை என்று நெடுங்காலமாக மக்கள் காட்டிவந்த கூம்புக் கோபுரம் உண்மையில் அவருடையது அல்ல. அது பல நூற்றாண்டுகள் கழித்து வாழ்ந்த சுமுர்ருத் காத்தூன் என்ற மற்றொரு கலீபாவின் தாய்க்கு உரியது. குளங்களைப் பற்றி அத்தகைய குழப்பம் இல்லை. 1184-இல் அந்த வழியே சென்ற இப்னு ஜுபைர், இந்த அம்மையாரின் அறம் இல்லையென்றால் அந்தப் பாதையில் எவரும் செல்ல முடியாது என்று நன்றியுடன் குறிப்பிடுகிறார். பின்னர் வந்த இப்னு பதூதாவும் அவ்வாறே. 16-ஆம் நூற்றாண்டில் கால்வாய் தூர்ந்தபோது அதைச் செப்பனிடப் பொருள் கொடுத்தவர் ஒட்டோமான் பேரரசர் சுலைமானின் மகள் மிஹ்ரிமா. அரச வீட்டுப் பெண் ஒருவர் விட்ட பணியை மற்றோர் அரச வீட்டுப் பெண் தொடர்ந்தார். 20-ஆம் நூற்றாண்டிலும் மக்கா அந்த நீரைக் குடித்தது. இந்தியாவிலிருந்து கப்பலேறி ஜித்தாவில் இறங்கிய ஹாஜிகளும் அதைப் பருகினர்.

கலீபாக்களின் வீட்டில் பெண்ணின் அதிகாரம் பெரும்பாலும் மகன் வழியே வந்தது, மகனோடு போயிற்று. கைசுரானுக்கும் அப்படி, சுபைதாவுக்கும் அப்படி. மகன் வழியே வராத ஒன்றை மட்டும் எவரும் அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை. இனி ஒரு முறை அப்பாசியர் வரலாற்றைக் கற்பிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்குமானால், அரசவையிலிருந்து தொடங்க மாட்டேன். அந்தப் பெயரை உடைய மாணவி வகுப்பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாலைவனத்தில் படிக்கட்டு வைத்துக் கட்டிய ஒரு குளத்திலிருந்து தொடங்குவேன்.